எல்லாரிடமும் கேட்கிற கேள்வி

அத்தான் அவசரப் பிரிவுக்குள் நுழைந்தபோது வலது கையில் கிரீஸ் படிந்த துணியைச் சுற்றி, அதைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருந்தார், வகுப்பில் பதில் தெரிந்த ஒரே பையன் மாதிரி. துணியெல்லாம் ரத்தம். சட்டைக் கை முழங்கை வரை நனைந்திருந்தது. அந்த நிலையிலும் வாசல் காவலாளியிடம் ஏதோ சொல்லி அவரைச் சிரிக்க வைத்துவிட்டுத்தான் உள்ளே வந்தார்.

"ஊசி! உன் ஆஸ்பத்திரி லிஃப்டையே ரிப்பேர் பண்ணப் போயி உன்கிட்டயே வந்துட்டேன் பாரு."

ஊசி என்பது, அங்கே நர்ஸாக இருந்த அவளுக்கு அக்கா புருஷனான அவர் வைத்த பெயர். நர்சிங் படிக்கச் சேர்ந்த நாளில் வைத்தது. மருத்துவமனையில் அவள் சிஸ்டர், அக்காவுக்கு அவள் "அடியே". ஊசி என்று கூப்பிட உலகத்தில் அவர் ஒருவர்தான். அவளும் அந்தப் பெயரை வேறு யாருக்கும் தந்ததில்லை.

அம்மா போனபோது அவள் பள்ளிக்கூடத்துப் பெண். அக்காவுக்கு அப்போதுதான் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. கல்யாணமாகிப் போன அக்காவோடு அவளும் போனாள். "கட்டில் வந்துச்சு, பீரோ வந்துச்சு, கடைசியா வண்டியிலேருந்து நீ இறங்குனே. இதை எனக்கு யாரும் சொல்லவே இல்லையே!" என்று அத்தான் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார். சொல்லிவிட்டு அவள் தலையில் ஒரு தட்டுத் தட்டுவார். அவர்களுக்குக் குழந்தை பிறக்கவில்லை. அதைப் பற்றி வெளியார் யாராவது உச்சுக்கொட்டினால், "இருக்கே ஒண்ணு, இதுக்கே சோறு போட்டு மாளல" என்று அவளைக் காட்டுவார். நர்சிங் வேண்டாம், ராத்திரி டியூட்டி பார்க்கிற பெண்ணை யார் கட்டுவான் என்று உறவில் ஆளாளுக்குப் பேசியபோது, ஸ்பேனரும் சங்கிலியும் குலுங்கும் தன் வண்டியின் பின்னால் அவளை உட்கார வைத்துக் கல்லூரி வாசலில் கொண்டுபோய் இறக்கியவர் அவர். அவள் கல்யாணமே பண்ணிக்கொள்ளாமல், நர்ஸ் விடுதியில் தங்கி, விடுமுறைக்கு மட்டும் அக்கா வீட்டுக்கு வந்துபோய்க்கொண்டு இருந்துவிட்டாள். அதைப் பற்றிய உறவுக்காரர் பேச்சையும் கேலியாக்கி அவரே அடக்கினார்.

காயம் உள்ளங்கையைக் குறுக்கே பிளந்திருந்தது. லிஃப்டைத் தூக்கும் இரும்புக் கயிற்றில் ஒரு பிரி அறுந்து நின்றிருக்கிறது; கவனிக்காமல் கையை ஓட்டிவிட்டார். அவள் கழுவினாள். அத்தான் பல்லைக் கடித்துக்கொண்டு கூரையைப் பார்த்தார். தையல் போட டாக்டர் வரவேண்டும். டாக்டரோ ஒரு வேன் கவிழ்ந்து வந்திருந்த கூட்டத்தின் நடுவில் இருந்தார். ஸ்ட்ரெச்சர்கள் நடைவழி வரை நின்றன. யாரோ ஒரு பெண் செருப்பைக் காணவில்லை என்று அழுதுகொண்டிருந்தாள்.

அந்த வருஷம்தான் மருத்துவமனையில் புது ஏற்பாடு வந்திருந்தது. எதற்காக வந்தாலும் சரி, அவசரப் பிரிவுக்கு வருகிற பெரியவர்கள் எல்லாரிடமும் ஹெச்.ஐ.வி. பரிசோதனைக்கு விருப்பமா என்று நர்ஸ்கள் கேட்க வேண்டும். முன்பெல்லாம் டாக்டர்களுக்குச் சந்தேகம் வந்தால்தான் எடுப்பார்கள். சந்தேகம் என்பது முகத்தையும் உடுப்பையும் பார்த்து வருவது. அப்படிப் பார்த்ததில் தப்பிப் போனவர்கள் பலர், கடைசிக் கட்டத்தில் மூச்சுத் திணறிக்கொண்டு திரும்பி வந்தார்கள். அதனால் இப்போது கால் சுளுக்கினவருக்கும் அதே கேள்வி, தேனீ கொட்டினவருக்கும் அதே கேள்வி. அவள் தனக்கென்று ஒரு வாக்கியம் செய்து வைத்திருந்தாள். "இங்க வர்ற எல்லார்கிட்டயும் கேக்கறதுதான். ஹெச்.ஐ.வி. டெஸ்ட் ஒண்ணு எடுத்துக்கறீங்களா? விரல்ல ஒரு சொட்டு ரத்தம் போதும். வேணாம்னா வேணாம்." குரலை ஏற்றாமல் இறக்காமல், தண்ணீர் வேண்டுமா என்று கேட்பதுபோலக் கேட்பாள். சிலர் முறைத்தார்கள். சிலர் மனைவியைத் திரும்பிப் பார்த்தார்கள். பல் விழுந்த தாத்தா ஒருவர், "இந்த வயசுல அது வந்தா எனக்குப் பெருமைதாம்மா" என்று விரலை நீட்டினார்.

சொந்தக்காரர்கள் வந்தால் நீங்கள் எடுக்கக் கூடாது, இன்னொரு சிஸ்டரிடம் விட்டுவிட வேண்டும் என்று பயிற்சியிலேயே சொல்லியிருந்தார்கள். அது அவளுக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் இன்னொரு சிஸ்டர் வேன் கூட்டத்தில் மூச்சுவிட முடியாமல் இருந்தாள். தவிர, அத்தான்தானே. வீட்டில் எத்தனை முறை அவருக்குச் சர்க்கரை பார்த்திருக்கிறாள்.

கேள்வியைக் கேட்டபோது அவளுக்கே சிரிப்பு வந்தது.

"குத்து, குத்து" என்றார் அவர். "ஆனா இவ்வளவு ரத்தம் சும்மா கொட்டுது, தனியா வேற குத்தணுமா? இதுலேயே ஒரு சொட்டு எடுத்துக்கோயேன்."

இடது கை மோதிர விரலில் குத்தினாள். சொட்டை எடுத்துப் பரிசோதனைப் பட்டையில் விட்டாள். தட்டில் வைத்துவிட்டுத் தையல் சாமான் எடுக்கப் போனாள். வழியில் செருப்பைத் தொலைத்த பெண்ணுக்கு ஒரு ஜோடி வார்டு செருப்பு தேடிக் கொடுத்தாள். திரும்பி வந்து பார்த்தபோது பட்டையில் இரண்டு கோடுகள் இருந்தன.

ஒரு கோடு என்றால் இல்லை. இரண்டு என்றால் இருக்கலாம். ரத்தம் எடுத்து அனுப்பி உறுதி செய்ய வேண்டும். இதை அவள் எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறாள். புதுப் பெட்டியைப் பிரித்து இன்னொரு பட்டை எடுத்தாள். "என்ன, முதல் சொட்டு பத்தலையா?" என்று அத்தான் விரலைத் தந்தார். இரண்டாவது பட்டையை அவள் நகராமல் நின்று பார்த்தாள். முதல் கோடு வந்தது. பிறகு, ரொம்ப மெதுவாக, யாரோ யோசித்து யோசித்துப் போடுவதுபோல இரண்டாவது கோடும் வந்தது.

அவள் முகத்தைப் பார்த்து அவர் கேலியை நிறுத்தினார்.

அதன்பிறகு நடந்ததெல்லாம் முறைப்படி நடந்தது. டாக்டர் தைத்தார். ரத்தம் எடுத்து அனுப்பினார்கள். ஆலோசகர் அம்மா அவரைத் தனி அறைக்குக் கூட்டிப்போய் வெகுநேரம் பேசினார். உறுதி செய்த முடிவு வந்ததும் மாத்திரை தொடங்கினார்கள். ஒழுங்காகச் சாப்பிட்டால் எல்லாரையும்போல வாழலாம், கிருமி அடங்கிவிட்டால் அடுத்தவருக்குத் தொற்றவும் செய்யாது. ஆனால் அடங்கக் கொஞ்ச காலம் ஆகும், அதுவரை ஜாக்கிரதையாக இருக்க வேண்டும், மனைவிக்கும் உடனே பரிசோதனை செய்ய வேண்டும் என்றார்கள். எல்லாவற்றுக்கும் அத்தான் தலையாட்டினார்.

வெளியே வண்டி நிறுத்துமிடத்தில் அவளை நிறுத்தி, "உங்கக்காகிட்ட நானே சொல்றேன்" என்றார். "நீ சொல்லிடாதே."

"நான் சொல்ல மாட்டேன் அத்தான். சொல்லவும் கூடாது, அதான் விதி. ஆனா நீங்க சீக்கிரம் சொல்லணும்."

"அந்தத் துறைமுகத்துக் கட்டடத்துல ரெண்டு வருஷம் இருந்தேனே, அப்போ ஒரு தடவை..."

"வேணாம் அத்தான்."

கேட்க அவளுக்குத் தெம்பில்லை. கேட்டிருந்தால் ஒருவேளை அவருக்குச் சொல்லிப் பழகியிருக்கும். அவளிடம் ஒருமுறை வாய்விட்டுச் சொன்னவர் அக்காவிடம் இன்னொரு முறை சொல்லியிருப்பார். இது அவளுக்குப் பின்னால் தோன்றியது. அந்த நேரத்தில், தன்னை வண்டியில் ஏற்றிக்கொண்டு போன மனிதர் அப்படியே இருக்கட்டும் என்றுதான் பட்டது.

அத்தான் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை சொல்கிறேன் என்பார். ஞாயிற்றுக்கிழமை அக்காவுக்குத் தலைவலி. கடையில் சரக்குக் கணக்கு எடுக்கிறார்கள், அது முடியட்டும் என்பார். அக்கா ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தாள். வருகிறவர் மூக்கில் சட்டத்தைப் பொருத்தி, காதுக்குப் பின்னால் வளைத்து, எட்ட நின்று பார்த்து, பிறகும் ஒரு நூலளவு வளைப்பாள். வீட்டுக்கு யார் வந்தாலும் அவர் கண்ணாடியைக் கழற்றி வாங்கித் துடைத்துத் தந்த பிறகுதான் அவளுக்கு நிம்மதி. அப்படி எதையும் கூர்ந்து பார்க்கிறவள் கண்ணில் படாமல் அத்தான் மாத்திரை டப்பாவை ஸ்பேனர் பெட்டியில் வைத்துக்கொண்டு திரிந்தார்.

அவள் ஆலோசகர் அம்மாவிடம் போனாள். "மனைவியக் கூட்டிட்டு வாங்க, உங்க முன்னாடியே நாங்க பக்குவமா சொல்றோம்னு ஒவ்வொரு தடவையும் சொல்றேன் சிஸ்டர்" என்றார் அந்த அம்மா. "சரிங்கறார். தனியாத்தான் வர்றார். இன்னும் கொஞ்சம் பார்ப்போம். அதுக்கப்புறம் டாக்டர் மூலமா சொல்ல ஒரு வழி இருக்கு."

"அவங்க என் அக்கா மேடம்."

"தெரியும். ஆனா இந்தக் கட்டடத்துக்குள்ள நீங்க தங்கச்சி இல்ல."

சரிதான் என்று திரும்பி வந்தாள். இத்தனை வருஷ வேலையில் ஒருவர் ரகசியத்தை இன்னொருவரிடம் அவள் சொன்னதில்லை. சொல்லிவிடுவார்கள் என்ற பயம் வந்துவிட்டால் நாளை யாரும் விரலை நீட்டமாட்டார்கள். அது அவளுக்கு மனப்பாடம். அந்தப் பாடத்தை அக்கா வீட்டு வாசலில் செருப்போடு சேர்த்துக் கழற்றிவிட முடியவில்லை.

ஒரு விடுமுறை நாளில் அக்காவும் அவளும் மாடியில் காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தார்கள். போர்வையின் இரண்டு முனையை அக்கா பிடித்துக்கொண்டு மற்ற இரண்டை அவளிடம் தந்தாள். மடித்து நெருங்கி வந்தபோது, மடித்த முனையை விடாமலே அக்கா கேட்டாள்.

"உங்க அத்தான் இப்பல்லாம் ஹால்ல படுத்துக்கறார், தெரியுமா உனக்கு?"

"ஏன்?"

"முதுகு வலியாம். தரையில படுத்தாத்தான் சரியாகுமாம். கையில வெட்டுக்காயம் பட்டா முதுகு எப்படிடி வலிக்கும்?"

அவள் போர்வையைப் பார்த்தாள்.

"நானும் பக்கத்துல பாயப் போட்டா எந்திரிச்சு பால்கனிக்குப் போயிடறார். சிரிப்பு, கேலி எல்லாம் அப்படியேதான் இருக்கு. தொட்டா மட்டும் சுருங்கிப் போறார்." அக்கா போர்வை முனையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எனக்கு வயசாயிடுச்சோ என்னமோ. என்னைப் பிடிக்காமப் போச்சோ. உன்கிட்ட இதெல்லாம் சொல்றேன் பாரு, சீ."

அத்தான் அக்காவைக் காப்பாற்றத்தான் தரையில் படுக்கிறார் என்று அவளுக்குத் தெரியும். அந்த ஒரு வாக்கியம் போதும், அக்காவின் முகம் தெளிந்துவிடும், பிறகு வேறுவிதமாக நொறுங்கும். நாக்கு நுனி வரை வந்ததை மென்று முழுங்கினாள்.

"அக்கா, நீயும் ஒருதரம் ஆஸ்பத்திரிக்கு வாயேன். முழு செக்கப் ஒண்ணு பண்ணிக்கலாம்."

"எனக்கென்னடி கேடு? கடையில ஆள் இல்ல. அடுத்த மாசம் பார்ப்போம்."

அவள் வற்புறுத்தவில்லை. அக்கா மறுத்ததும் தனக்குள் ஒரு நொடி ஆறுதல் எட்டிப் பார்த்ததே, அதைத்தான் பிற்பாடு அவளால் தாங்கிக்கொள்ள முடியவில்லை.

அடுத்த மாதம் வருவதற்குள் அக்காவே வந்தாள். நடுப்பகல். கடை முதலாளி தன் காரில் வைத்துக் கூட்டி வந்திருந்தார். இடது மார்புக்குக் கீழே நெருப்பாய் எரிகிறது, முதுகு வரை இழுக்கிறது, ஹார்ட் அட்டாக்தான் என்று அவரே முடிவு கட்டியிருந்தார். இந்த முறை அவள் விதியை மீறவில்லை. புதிதாகச் சேர்ந்திருந்த சிஸ்டரைக் கூப்பிட்டு ஒப்படைத்துவிட்டு, திரைக்கு வெளியே நின்றாள். இ.சி.ஜி. நன்றாக இருந்தது. சட்டையைத் தளர்த்திப் பார்த்த டாக்டர், "பயப்படாதீங்க, இது ஹார்ட் இல்ல, அக்கி" என்றார். விலாவைச் சுற்றி முதுகுவரை கொப்புளங்கள் கொத்துக்கொத்தாக வரி பிடித்திருந்தன. அக்கி யாருக்கும் வரும். எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்குச் சீக்கிரம் வரும். திரைக்கு இந்தப் பக்கம் நின்றவளுக்கு அது தெரியும்.

உள்ளே புது சிஸ்டர் அந்தக் கேள்வியைக் கேட்டாள். வெளியே நின்றவளுடைய வாக்கியம்தான். அவளிடம்தான் அந்தப் பெண் கற்றிருந்தாள்.

அக்கா வலியிலும் சிரித்துவிட்டாள். "எனக்கா? இத்தனை வருஷமா ஒரே புருஷன், ஒரே கடை. எனக்கெதுக்கும்மா அந்தக் கண்றாவி? அடியே, எங்கடி போனே? உள்ள வா. நீ சொல்லு இந்தப் பொண்ணுகிட்ட."

அவள் உள்ளே போனாள்.

"எல்லார்கிட்டயும் கேக்கறதுதான் அக்கா" என்றாள். எத்தனையோ ஆயிரம் பேரிடம் ஏற்றாமல் இறக்காமல் சொன்ன அதே சொற்கள். இந்தத் தடவை குரல் பாதியில் உடைந்தது. "எடுத்துக்கோயேன்."

அக்கா அவளைப் பார்த்தாள். மூக்கில் பொருத்திய சட்டத்தில் எங்கே கோணல் என்று எட்ட நின்று தேடுகிற அந்தப் பார்வை. சிரிப்பு முகத்தில் அப்படியே நின்று, மெதுவாக வடிந்தது.

"நீ எதுக்குடி அழறே?" என்றாள்.

அக்கா அவளை விட்டுக் கண்ணை எடுக்காமலே புது சிஸ்டரிடம் விரலை நீட்டினாள்.

அக்காவின் பட்டையிலும் வந்த இரண்டு கோடுகளைப் பார்த்துச் சொல்லவேண்டிய வேலை அன்றைக்கு அவளுக்கு இல்லை. புது சிஸ்டரும் டாக்டரும் ஆலோசகர் அம்மாவும் பார்த்துக்கொண்டார்கள். அத்தானை வரச்சொல்லி ஆள் போயிற்று. அவர் வந்து, உள் அறையில் கதவு சாத்தியிருக்கையில், ஒரு சத்தமும் வெளியே கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை என்று இருந்தது. கதவு திறந்தபோது அத்தான் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தார். அக்கா நேராக அவளிடம் வந்தாள்.

"எப்போலேருந்து தெரியும் உனக்கு?"

"அவருக்குக் கையில அடிபட்டப்போ. நான்தான் டெஸ்ட் எடுத்தேன்."

"போர்வை மடிச்சோமே, அப்போ தெரியும்."

"சொல்லக் கூடாதுக்கா. சட்டம் அப்படி. யாரோட..."

"அவர் பயந்துட்டார். பயந்தவர நான் என்ன பண்றது, புருஷனாப் போயிட்டார்." அக்கா கத்தவில்லை. கண்ணாடிக் கடையில் வாடிக்கையாளரிடம் பேசுகிற தணிந்த குரல்தான். "என்னைப் பிடிக்காமப் போச்சான்னு உன் முன்னாடி நின்னு அழுதேனேடி. அப்போ என் எதிர்ல போர்வையப் பிடிச்சுக்கிட்டு நின்னது யாரு? சட்டமா?"

அதற்குப் பிறகு அக்கா அவளிடம் பேசவில்லை.

தொற்று பழையது, வருஷக்கணக்காக இருக்கலாம் என்று டாக்டர் ரத்தத்தைப் பார்த்துச் சொன்னார். அதாவது அவள் வாயை மூடிக்கொண்டிருந்த மாதங்களில் வந்ததல்ல. அந்தச் செய்தியால் அக்காவுக்கு ஓர் ஆறுதலும் கிடைத்ததாகத் தெரியவில்லை. தங்கைக்குக் கிடைத்தது, கிடைத்ததற்காக வெட்கப்பட்டாள். அக்கி ஆறியது. அக்காவும் மாத்திரை தொடங்கினாள். அத்தானோடு அதே வீட்டில்தான் இருந்தாள். சண்டை நடந்ததா, மன்னித்தாளா, இரண்டும் இல்லாமல் சேர்ந்து கிடக்கிறார்களா என்பது அவளுக்குத் தெரிய வழியில்லை. அத்தான் எப்போதாவது போன் பண்ணுவார். "சாப்பிட்டியா" என்பார். "அவ நல்லாயிருக்கா. கோபம் குறையும்" என்பார். ஊசி என்று கூப்பிடுவதை அவரும் நிறுத்திவிட்டார். அந்த இடத்தில் ஒரு சின்ன இடைவெளி விட்டுப் பேசினார்.

விடுமுறை நாட்களில் எங்கே போவதென்று தெரியாமல் அவள் கூடுதல் டியூட்டி கேட்டு வாங்கிக்கொண்டாள். கேள்வியையும் கேட்டுக்கொண்டேதான் இருந்தாள். அன்று வேறு யாராவது அத்தான் விரலைக் குத்தியிருந்தால் தான் இன்னும் ஒரு தங்கையாக இருந்திருப்போம் என்று சில நாள் தோன்றும். யாருமே குத்தாமல் விட்டிருந்தால் அத்தான் இன்னேரம் எந்தப் படுக்கையில் கிடப்பார் என்று வேறு சில நாள் தோன்றும். சொல்லியிருக்கலாம். வேலை போனாலும் போகட்டும் என்று சொல்லியிருக்கலாம். இல்லை, சொல்லியிருக்கக் கூடாது. குறைந்தபட்சம் அத்தானைச் சட்டையைப் பிடித்து இழுத்து வந்து அக்கா முன்னால் நிறுத்தியிருக்கலாம். சொல்லாமலே அந்தப் போர்வையைக் கீழே போட்டுவிட்டு அக்காவைக் கட்டிக்கொண்டாவது இருந்திருக்கலாம். அதற்கு எந்த விதியும் தடை சொல்லவில்லை. அது அந்த நேரத்தில் அவளுக்குத் தோன்றவே இல்லை.

மழைக்காலம் முடிகிற சமயம், ரத்தப் பாட்டில்களை ஆய்வகத்தில் கொடுத்துவிட்டு அவள் புறநோயாளிகள் பக்கமாகத் திரும்பி வந்தாள். மாத்திரை வாங்குகிற பிரிவின் வெளியே வரிசையாக நாற்காலிகள். காலை வெயில் ஜன்னல் கம்பிகளின் நிழலைத் தரையில் நீளமாகப் போட்டிருந்தது. அத்தான் ஜன்னலண்டை வரிசையில் நின்றிருந்தார். முன்னால் நிற்கிறவரிடம் எதையோ கையால் அளந்து காட்டிப் பேசிக்கொண்டிருந்தார். அந்த மனிதர் சிரித்தார். ஓரத்து நாற்காலியில் அக்கா. சற்று இளைத்திருந்தாள். முடியைப் புதுவிதமாகப் பின்னியிருந்தாள். பக்கத்து நாற்காலியில் அவளுடைய பை இருந்தது.

அவள் கையில் காலி ட்ரேயுடன் தூணருகே நின்றாள். அக்கா நிமிர்ந்தாள். பார்த்தாள். பார்வையை விலக்கவில்லை, அழைக்கவும் இல்லை. அவசரப் பிரிவிலிருந்து யாரோ "சிஸ்டர், சிஸ்டர்" என்று அவளைக் கூப்பிட்டுக்கொண்டே வந்தார்கள்.

அக்கா குனிந்து பக்கத்து நாற்காலியிலிருந்த பையை எடுத்தாள். கிளம்புவதற்காக எடுத்தாளா, வேறெதற்காகவா என்று தெரியவில்லை. எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, அதன் காதை இரண்டு கையாலும் பிடித்தபடி, முன்னால் பார்த்து உட்கார்ந்திருந்தாள். பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது. அதன்மேல் கொஞ்சம் வெயில் விழுந்திருந்தது.